கற்பிப்போரைக் கற்பித்தவர்கள்



சென்னைக் கடற்கரையைக் கண்டவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். அலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, சாலைக்கு அப்பால் வட்டமாக வளைந்த முகப்புடன் ஒரு பழைய மாளிகை நிற்பதையும் கண்டிருப்பீர்கள். அதன் இன்றைய பெயர் விவேகானந்தர் இல்லம். முதியவர்கள் அதனை இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்லுவர். அமெரிக்க நாட்டிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை உருகாமல் சேமித்து வைப்பதற்காக, 1842-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பெற்ற கிடங்கு அது. பின்னர் அது கை மாறிக் குடியிருப்பு மாளிகையாயிற்று. 1897-ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் சில நாட்கள் அங்கே தங்கியிருந்தார். இவ்வளவும் பலர் அறிந்த செய்தி.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அந்த மாளிகையில் ஒரு காலத்தில் இளங் கைம்பெண்கள் பலர் தங்கிப் படித்தனர். படித்து ஆசிரியைகள் ஆயினர். அதற்கு அருகிலேயே ஆசிரியைகளைப் பயிற்றும் கல்லூரி ஒன்று எழுந்தது. அந்தக் கல்லூரி இன்றும் அதே சாலையில் நடைபெற்று வருகிறது. இவ்விரண்டையும் இணைக்கும் வரலாற்றையே இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன். ஆசிரியப் பயிற்சி நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் விரிவுரையாளராகப் பணி செய்தவள் நான். ஆகவே இந்த வரலாறு எனக்கு வெறும் பழங்கதையன்று. என் தொழிலின் குலவரலாறு.

பள்ளியில் உங்களுக்குக் கற்பித்த ஆசிரியையை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கற்பிக்கும் முறையைக் கற்பித்தவர் யார்? பயிற்சிக் கல்லூரியில் ஒரு விரிவுரையாளர். அந்த விரிவுரையாளருக்குக் கற்பித்தவர் யார்? அவர் தம் பணிக்காலத்தில் மேலும் மேலும் கற்பதற்கு வழி செய்தவர் யார்? பெண் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் முதற் கேள்வியோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். அடுத்த இரண்டு கேள்விகளில்தான் அந்த வரலாற்றின் உயிர்நிலை இருக்கிறது என்பது என் கருத்து.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் செல்வோம். 1848-ஆம் ஆண்டில் பூனா நகரில் ஜோதிராவ் புலேயும் அவர் மனைவி சாவித்திரிபாயும் பெண் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். சாவித்திரிபாய் தம் கணவரிடம் எழுத்தறிந்தவர். பின்னர் ஆசிரியப் பயிற்சியும் பெற்றவர். அவர் பள்ளிக்கு நடந்து செல்லும்போது, பெண்ணொருத்தி பாடம் சொல்லச் செல்வதைப் பொறாதவர்கள் சேற்றையும் சாணத்தையும் அவர்மீது வீசினர் என்று வரலாறு கூறுகிறது. ஆயினும் அவர் வகுப்பறைக்குச் செல்லாமல் நின்றதில்லை.

1854-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த கல்வி ஆணை, உட்டின் கல்வி அறிக்கை என்று நீங்கள் பாட நூலில் படிப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றும், பெண் கல்விக்கு ஆதரவு வேண்டும் என்றும் வற்புறுத்தியது. 1866-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரிலிருந்து இந்தியாவுக்கு வந்த மேரி கார்ப்பென்டர் என்னும் பெருமாட்டி, நகரந்தோறும் பெண் பள்ளிகளைப் பார்வையிட்டார். பார்த்த இடங்களில் எல்லாம் ஒரே குறையைக் கண்டார். சிறுமியருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் முதிய ஆடவர்கள். பெண் ஆசிரியைகளைப் பயிற்றும் பள்ளிகளை அரசினர் முதலில் நிறுவவேண்டும் என்று அவர் வாதாடினார்.

1882-ஆம் ஆண்டில் ஹண்டர் என்பவரின் தலைமையில் கல்விக் குழு ஒன்று அமைந்தது. அதன்முன் சாட்சியம் கூறியவர்களுள் பண்டித ரமாபாயும் ஒருவர். அப்பொழுது அவருக்கு வயது 24. அதே ஆண்டில்தான் கணவரை இழந்திருந்தார்; கையில் ஒரு குழந்தை. பெண்களுக்குக் கற்பிக்கப் பெண்களே பயிற்சி பெறவேண்டும் என்றும், பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரிகளாகவும் பெண்களை நியமிக்கவேண்டும் என்றும் அவர் கூறினார். இந்த இரண்டாம் கோரிக்கையைக் கவனியுங்கள். ஆசிரியையோடு அவர் நின்றுவிடவில்லை. ஆசிரியையின் வேலையை மதிப்பிட்டு, அவளுக்கு வழிகாட்டும் இடத்திலும் ஒரு பெண் இருக்கவேண்டும் என்பது அவர் உள்ளக்கிடக்கை.

இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் சொல்லியும் காரியம் ஏன் விரைந்து நடைபெறவில்லை? அங்கே ஒரு நச்சு வட்டம் இருந்தது. பருவம் நெருங்கிய பெண்ணை ஆண் ஆசிரியரிடம் அனுப்பப் பெற்றோர் இசையவில்லை. ஆகவே பெண் குழந்தைகள் மூன்றாம் வகுப்போடும் நான்காம் வகுப்போடும் வீடு திரும்பினர். மேல்வகுப்பு வரை படித்த பெண்கள் இல்லாமையால், ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்க்கவும் பெண்கள் இல்லை. பயிற்சி பெற்ற பெண்கள் இல்லாமையால் மேல்வகுப்புக்கு ஆசிரியைகள் இல்லை. ஆசிரியைகள் இல்லாமையால் பெண்கள் மேல்வகுப்புக்கு வரவில்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கயிறு வேண்டும். அந்தக் கயிறோ கிணற்றுக்குள் கிடக்கிறது!

அந்தக் கயிற்றை எடுத்துக் கொடுத்தவர்கள் எவர் தெரியுமா? சமுதாயம் எவரை அமங்கலம் என்று ஒதுக்கி வைத்ததோ, அவர்களே. குழந்தை மணம் பரவியிருந்த நாட்டில் குழந்தைக் கைம்பெண்களும் பலர் இருந்தனர். மணமான பெண் கணவன் வீட்டுக் கடமைகளில் கட்டுண்டு கிடந்தாள். மணமாகாத பெண் என்பவள் உயர்குடியினரிடையே இல்லை என்றே சொல்லலாம். எஞ்சியவள் கைம்பெண். அவளுக்கு வாழ்நாள் முழுவதும் எதிரே வெறுமையாகக் கிடந்தது. 1889-ஆம் ஆண்டில் ரமாபாய் பம்பாயில் சாரதா சதன் என்னும் இல்லத்தைத் தொடங்கி, அத்தகைய பெண்களுக்குக் கல்வி அளித்தார். அங்கே படித்த ஒரு கைம்பெண்ணை மணந்தவர் பேராசிரியர் கார்வே. அவர் 1896-ஆம் ஆண்டில் பூனாவில் கைம்பெண்களுக்காகப் பாடுபடத் தொடங்கி, 1916-ஆம் ஆண்டில் பெண்களுக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்றையே உருவாக்கினார். மராட்டிய மண்ணில் மூண்ட இந்தச் சுடர் சென்னையில் ஏற்றப்படுவதற்கு ஒரு பெண் பிறந்து வளரவேண்டியிருந்தது.

1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தவர் சுப்பலட்சுமி. தந்தையார் சுப்பிரமணிய ஐயர் பொறியியல் கற்றவர். தஞ்சை மாவட்டத்து ரிஷியூர்க் குடும்பத்தினர். ஒன்பதாம் வயதில், நான்காம் வகுப்புக்கு நடந்த பொதுத் தேர்வில், செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினார் சுப்பலட்சுமி. வழக்கப்படி இளமையிலேயே மணம் நடந்தது. சிறிது காலத்திலேயே கணவன் இறந்தான். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் கதை அத்துடன் முடிந்துவிடும். வீட்டின் பின்கட்டில் ஓர் இருட்டறையே அவளுக்கு உலகமாகிவிடும். தந்தையாரும் தாயாரும் அவ்வாறு செய்ய மனம் ஒப்பவில்லை. மகளைப் படிக்க வைத்தனர். அவ்வீட்டில் தாயாரின் தங்கை வாலாம்பாள் அம்மாளும் இருந்தார். அவரும் இளமையில் கணவரை இழந்தவர். சித்தியும் பெறாமகளுமாக அவ்விருவரும் பின்னாளில் செய்த காரியம் பெரிது.

சுப்பலட்சுமி கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்றார். உற்றாரும் ஊராரும் ஏசினர்; குடும்பம் பொறுத்துக்கொண்டது. 1911-ஆம் ஆண்டில் மாநிலக் கல்லூரியில் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே. அத்துடன் நில்லாமல் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். தம்மைப் போன்ற சிறுமியருக்கு வாழ்வளிக்க வேண்டுமானால் இரக்கம் மட்டும் போதாது, தொழில் தேர்ச்சி வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அக்காலத்தில் பெண் பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாக இருந்தவர் மிஸ் லிஞ்ச் என்னும் அயர்லாந்துப் பெண்மணி. ரமாபாய் 1882-இல் கேட்ட பெண் அதிகாரி இதோ சென்னையில் வந்துவிட்டார் அல்லவா? ஆசிரியைகள் கிடைக்காமல் அவர் அலைந்துகொண்டிருந்தார். கைம்பெண்களுக்கு வாழ்வு தேடிச் சுப்பலட்சுமி அலைந்துகொண்டிருந்தார். ஒருவர் தேடிய பொருள் மற்றவர் கையில் இருந்தது. எழும்பூரில் சுப்பலட்சுமியின் தந்தையார் வீட்டிலேயே 4 சிறுமியருடன் இல்லம் தொடங்கிற்று. 1912-ஆம் ஆண்டில் சாரதா மகளிர் சங்கம் தோன்றி அதற்குத் துணை நின்றது. பின்னர் அரசினரும் பொறுப்பேற்றனர். சிறுமியர் எண்ணிக்கை பெருகப் பெருக இடம் போதவில்லை. 1917-ஆம் ஆண்டில் இல்லம் ஐஸ் ஹவுஸுக்குக் குடிபுகுந்தது. வாலாம்பாள் அம்மாள் அடுக்களையையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொள்ள, சுப்பலட்சுமி படிப்பைக் கவனித்துக்கொண்டார். சிறுமியர் அவரைச் சகோதரி என்றே அழைத்தனர். நாளடைவில் நாடு முழுவதும் அவரைச் சகோதரி சுப்பலட்சுமி என்றே அறிந்தது.

அதே கடற்கரைச் சாலையில், 1914-ஆம் ஆண்டில் சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதுவே பின்னர் இராணி மேரிக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. ஐஸ் ஹவுஸிலிருந்த பெண்களுள் தேர்ந்தவர்கள் அக்கல்லூரிக்குச் சென்று படித்தனர். பின்கட்டில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தவர்கள் புத்தகமும் கையுமாகக் கடற்கரைச் சாலையில் நடந்து சென்ற காட்சியைச் சற்றே கற்பனை செய்து பாருங்கள். முன்பு எவள் எதிரே வந்தால் சகுனப் பிழை என்று மக்கள் வீட்டுக்குள் திரும்பினரோ, அவளிடமே தம் குழந்தையின் கையைப் பிடித்துக் கொடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

1922-ஆம் ஆண்டில் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி பிறந்தது. சென்னை ஆளுநராக இருந்த வெலிங்டன் பிரபுவின் மனைவியார் பெயரால் அமைந்த நிறுவனம் அது. அதன் முதல் முதல்வர் சகோதரி சுப்பலட்சுமி. பட்டம் பெற்ற பெண்களுக்கு ஒரு நிலையிலும், பள்ளிப் படிப்பை முடித்த பெண்களுக்கு ஒரு நிலையிலும் பயிற்சி அளிக்கப்பெற்றது. இங்கே நீங்கள் ஒன்றைக் கருதவேண்டும். அந்தக் கல்லூரியுடன் ஒரு மாதிரிப் பள்ளியும் சேர்ந்தே பிறந்தது. இதனைச் சிறிய செய்தி என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆசிரியப் பயிற்சி என்பது என்ன? கல்வித் தத்துவம், உளவியல், பாட முறைகள் ஆகியவற்றை மாணவ ஆசிரியை முதலில் கற்கிறாள். பிறகு பாடக் குறிப்பு எழுதுகிறாள். அந்தக் குறிப்பை விரிவுரையாளர் திருத்துகிறார். பின்பு உண்மையான குழந்தைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் அவள் பாடம் நடத்துகிறாள். விரிவுரையாளரும் உடன் பயிலும் பெண்களும் பின்வரிசையில் இருந்து கவனிக்கின்றனர். பாடம் முடிந்ததும் நிறை குறைகளை எடுத்துரைக்கின்றனர். சில வேளைகளில் விரிவுரையாளரே மாதிரிப் பாடம் நடத்திக் காட்டவேண்டும். அப்பொழுது தேர்வு எழுதுபவர் மாணவி அல்லர், விரிவுரையாளரே. பக்கத்தில் பள்ளி இருந்தால் அவர் நாள்தோறும் குழந்தைகளிடமிருந்து கற்றுக்கொண்டே இருப்பார். பள்ளி தொலைவில் இருந்தால், தாம் என்றோ கற்றதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே மாதிரிப் பள்ளி மாணவியருக்கு மட்டும் உரிய வசதியன்று. கற்பிக்கும் பெண்களை என்றும் கற்பவர்களாகவே வைத்திருந்த ஏற்பாடு அது.

மற்றொரு பயனும் விளைந்தது. பெண்கள் கல்லூரியின் விரிவுரையாளராகவும், விடுதிக் காப்பாளராகவும், முதல்வராகவும் பொறுப்பேற்றபோது, வரவு செலவு பார்த்தனர். அரசினருக்கு மனு எழுதினர். பாடத்திட்டம் குறித்து வாதாடினர். குழந்தைக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பது பெண்ணின் இயல்பு என்று அந்நாளில் ஏற்றுக்கொண்டவர்களும், ஒரு நிறுவனத்தைப் பெண் நடத்துவாள் என்று நம்பவில்லை. அந்த நம்பிக்கையின்மைக்குச் சொற்பொழிவால் விடை கூற இயலாது. ஆண்டுதோறும் தேர்ச்சி பெற்று வெளியே சென்ற ஆசிரியைகளே அதற்கு விடையாயினர்.

வரலாறு கூறுபவள் குறைகளை மறைத்தல் தகாது. ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஆசாரம் மிக்க பெற்றோர் தம் பெண்களை வேறு எவ்வாறும் அனுப்பமாட்டார்கள் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். பொதுப் பணத்தில் ஒரு சாதியினருக்கு மட்டும் இல்லமா என்ற கேள்வி அந்நாளிலேயே எழுந்தது. அது நியாயமான கேள்வி என்றே நானும் கருதுகிறேன். படிப்பில்லாமையும் இளம் வயதில் கைம்மையும் ஒரு சாதிக்கு மட்டும் உரிய துயரங்கள் அல்லவே! மேலும், அரசினர் இல்லம் இளவயதுப் பெண்களையே ஏற்றுக்கொண்டது. வயது கடந்த கைம்பெண்களுக்கு அங்கே இடமில்லை. இந்தக் குறையைச் சுப்பலட்சுமியே உணர்ந்து, 1927-ஆம் ஆண்டில் சாரதா மகளிர் சங்கத்தின் வாயிலாகச் சாரதா வித்தியாலயத்தைத் தொடங்கினார். பின்னர் அது இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வளர்ந்தது.

அவருக்கே இருந்த தளை வேறு ஒன்று. அரசாங்க ஊழியர் ஆகையால் அகில இந்திய மாதர் மாநாட்டில் உறுப்பினராகச் சேர அவருக்கு உரிமை இல்லை. ஆயினும் குழந்தை மணத்தை ஆராய அமைந்த ஜோஷி குழுவின்முன் சென்று சாட்சியம் அளித்தார். அதன் பின்னர் 1929-ஆம் ஆண்டில் குழந்தை மணத் தடைச் சட்டம் நிறைவேறிற்று; பெண்ணின் மண வயது 14 என்றும் ஆணின் மண வயது 18 என்றும் வரையறுக்கப்பெற்றது. குழந்தைக் கைம்பெண்களைக் கொண்டு ஆசிரியைகளை உருவாக்கியவர், இனிக் குழந்தைக் கைம்பெண்களே இல்லாத நிலை வரவேண்டும் என்று வாதாடினார். தம் நிறுவனத்துக்கு மாணவியர் குறைந்துவிடுவரே என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை.

நாடு விடுதலை பெற்ற பின்னர் பள்ளிகள் பெருகின. பயிற்சி நிறுவனங்களும் பெருகின. ஆனால் ஒரு பழைய நோய் மீண்டும் தலைகாட்டிற்று. 1964-ஆம் ஆண்டு முதல் 1966-ஆம் ஆண்டு வரை ஆராய்ந்த கோத்தாரி கல்விக் குழு அந்த நோயைச் சரியாகக் கண்டு கூறியது. ஆசிரியப் பயிற்சி நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களிலிருந்து விலகி நிற்கின்றன. பள்ளிகளிலிருந்தும் விலகி நிற்கின்றன. தமக்குள்ளும் ஒன்றையொன்று அறியாமல் நிற்கின்றன என்பது அக்குழுவின் முடிவு. 1922-இல் கல்லூரியும் பள்ளியும் ஒரே வளாகத்தில் பிறந்ததன் பொருளை நாம் மறந்துவிட்டோம் என்பதையே இது காட்டுகிறது.

அந்தத் தனிமை என்ன செய்யும் என்பதற்கு நானே சான்று. பள்ளியில் சில ஆண்டுகள் பணி செய்த பின், ஒரு பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளரானேன். கணிதம் கற்பிக்கும் முறை என் பாடம். முதல் ஆண்டில் மிக்க உழைப்புடன் குறிப்புகள் எழுதினேன். பழுப்புக் காகிதத்தால் அட்டையிட்ட அந்த நோட்டுப் புத்தகத்தையே அடுத்த பத்து ஆண்டுகளும் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். மாணவியர் மாறினர், நோட்டு மாறவில்லை. எவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருமுறை விரிவுரையாளர்களுக்கான மூன்று வாரப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. வெளியூரில் தங்கவேண்டும். "வீட்டில் குழந்தைகள் இருக்கின்றனரே, ஆண்களில் ஒருவரை அனுப்பிவிடலாமே" என்றார் எங்கள் மேலதிகாரி. அவர் கெட்ட எண்ணத்துடன் கூறவில்லை. எனக்கு உதவுவதாகவே எண்ணிக் கூறினார். பெண்ணின் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவை எப்பொழுதும் பகையின் உருவில் வருவதில்லை. பல வேளைகளில் பரிவின் உருவில் வருகின்றன. நான் தயங்கிக்கொண்டே வீட்டில் சொன்னேன். என் மாமியார் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்தறியாதவர். "நீ போய் வா, அம்மா. மூன்று வாரம் நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா? நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நாலும் தெரிந்துகொள்ள வேண்டாமா?" என்றார். ஐஸ் ஹவுஸில் அடுக்களையைத் தாங்கி நின்ற வாலாம்பாள் அம்மாளைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது, எனக்கு என் மாமியாரின் முகமே நினைவுக்கு வந்தது.

பயிற்சியின் இரண்டாம் நாள், ஐந்தாம் வகுப்புச் சிறுமியருக்குப் பின்னம் பற்றிப் பாடம் நடத்துமாறு என்னைப் பணித்தனர். பின்வரிசையில் என்னைப் போன்ற விரிவுரையாளர்கள் அமர்ந்திருந்தனர். மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டேன். ஒரு சிறுமி எழுந்து, நான்கில் ஒரு பங்கே பெரிது என்றாள். "தவறு, உட்கார்" என்று கூறி அடுத்தவளைக் கேட்டேன். சரியான விடை வந்தது. பாடம் நன்றாக முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

வகுப்பு கலைந்த பின் எங்களுக்கு வழிகாட்டிய முதிய அம்மையார் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் குழந்தை ஏன் அப்படிச் சொன்னாள் என்று நீங்கள் கேட்டீர்களா?" நான் விழித்தேன். மூன்றைக் காட்டிலும் நான்கு பெரிய எண் என்று அவளுக்கு நாம்தாமே கற்பித்திருந்தோம்! கற்பித்ததை அவள் நம்பினாள். அதனால் இங்கே தவறினாள். ஓர் அப்பத்தை மூவருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு எவ்வளவு, நால்வருக்குப் பங்கிட்டால் எவ்வளவு என்று கேட்டிருந்தால், அவளே தன் பிழையைக் கண்டிருப்பாள். குழந்தையின் தவறான விடைக்குள் ஒரு காரணம் இருக்கும், அதனைத் தேடிக் காணுங்கள் என்று பத்து ஆண்டுகளாக மாணவியருக்கு எழுதிப் போட்டவள் நான். என் பழுப்பு நோட்டில் அந்த வரி அடிக்கோடிட்டு இருந்தது. வகுப்பில் நான் அதனைச் செய்யவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் அதே சிறுமியை அழைத்து, காகிதத்தை மடித்துப் பங்கிடச் சொன்னேன். மூன்றாக மடித்ததையும் நான்காக மடித்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பே எனக்குக் கிடைத்த சான்றிதழ். ஊர் திரும்பியதும் வாரத்தில் ஒரு நாள் அருகிலிருந்த தொடக்கப் பள்ளிக்குச் சென்று நானே பாடம் நடத்தத் தொடங்கினேன். என் மாணவியர் பின்வரிசையில் அமர்ந்து என் குறைகளை எழுதினர். முதலில் அஞ்சி அஞ்சி எழுதினர். பிறகு அஞ்சாமல் எழுதினர். அவர்கள் அஞ்சாமல் எழுதிய நாள் முதல்தான் நான் உண்மையில் ஆசிரியையானேன் என்று நினைக்கிறேன்.

இத்தகைய பயிற்சி ஒருவர் இருவருக்குக் கிடைக்கும் நல்வாய்ப்பாக இருத்தல் போதாது. அது நாட்டின் ஏற்பாடாக அமையவேண்டும். 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, 1987-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு இதற்கென ஒரு திட்டம் வகுத்தது. மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. தேர்ந்தெடுத்த சில பயிற்சிக் கல்லூரிகள் கல்வியியல் மேம்பாட்டு நிறுவனங்களாக உயர்த்தப்பெற்றன. ஆசிரியர்களைப் பயிற்றுவோருக்கே பயிற்சி அளிப்பதும், ஆராய்ச்சி நடத்துவதும் அவற்றின் கடமைகள். அவ்வாறு உயர்ந்த நிறுவனங்களுள் ஒன்று, சகோதரி சுப்பலட்சுமி முதல்வராக இருந்த அதே லேடி வெலிங்டன் கல்லூரி. 1922-இல் அவர் இட்ட வித்து, கற்பிப்போரைக் கற்பிப்போருக்கும் நிழல் தரும் மரமாயிற்று.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்பு அவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். 1942-ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். 1952-ஆம் ஆண்டு முதல் 1956-ஆம் ஆண்டு வரை சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1956-ஆம் ஆண்டில் மயிலாப்பூர் மாதர் சங்கத்தின் தலைவராக இருந்து, பின்னர் வித்யா மந்திர் எனப் பெயர் பெற்ற பள்ளி தோன்றத் துணை நின்றார். 1958-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 1969-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், 83-ஆம் வயதில் மறைந்தார். பதினொரு வயதில் வாழ்வு முடிந்துவிட்டது என்று ஊரார் தீர்ப்புக் கூறிய ஒரு பெண், அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, ஒவ்வொரு பத்தாண்டிலும் ஒரு புதிய பணியைக் கற்றுக்கொண்டார்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் நாளை ஆசிரியர்கள் ஆவீர்கள். இன்று நம் நாட்டுப் பயிற்சி நிறுவனங்களில் பெண்கள் பெருந்தொகையினராகப் பயில்கின்றனர், கற்பிக்கின்றனர். நச்சு வட்டம் உடைந்துவிட்டது உண்மையே. ஆனால் ஆசிரியை ஒருத்தி மேலும் கற்கப் புறப்படும்போது, "வீட்டை யார் பார்ப்பது?" என்ற கேள்வி இன்னும் பல வீடுகளில் அவளை நோக்கியே கேட்கப்படுகிறது. உங்கள் அன்னையோ, தமக்கையோ, நாளை உங்கள் இல்லத்துக்கு வரும் மனைவியோ ஆசிரியையாக இருந்தால், அவள் பெட்டியைக் கட்டும் நாளில் அந்தக் கேள்விக்கு விடையாக நீங்கள் நில்லுங்கள். பெண்களாகிய நீங்கள் அந்தப் பெட்டியைத் தயங்காமல் கட்டுங்கள்.

அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, கடலைப் பார்த்த பின் ஒரு கணம் திரும்பி அந்த வட்ட மாளிகையையும் பாருங்கள். பனிக்கட்டியை எவ்வளவு காத்து வைத்தாலும் அது நாளுக்கு நாள் கரையும். ஒருமுறை கற்றுப் பூட்டி வைத்த கல்வியும் அப்படித்தான். நாள்தோறும் புதிதாகக் கற்கும் ஆசிரியையிடமே அது கரையாமல் நிற்கும். அத்தகைய ஆசிரியைகள் ஒரு காலத்தில் அந்த மாளிகையின் வாயிலிலிருந்து புறப்பட்டு நடந்தனர். நீங்கள் வகுப்பறைக்குள் நுழையும் பாதை, அவர்கள் நடந்து நடந்து உண்டான பாதை.